கோஸ் புழுவும் மருந்து டேங்கும்: ஒரு சரித்திரம்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது" என்றார். நல்லதாகப் போயிற்று. ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரத்தில் நாலு நாள் நம் தட்டில் விழுந்த கோஸ் பொரியலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கோஸ் மெஸ்ஸுக்கு வருவதற்கு முன்பே அதைத் தின்று பார்த்துவிடும் புழுக்களைப் பற்றியும், அவற்றோடு மனிதன் நானூறு வருஷமாக நடத்திவரும் வழக்கைப் பற்றியும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். 2011-ல் நம் கல்லூரியை விட்டு வெளியே வந்ததிலிருந்து கோவையில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். விவசாயத் தெளிப்பான்கள் செய்கிறோம். முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்க் முதல் டிராக்டரில் பூட்டும் பவர் ஸ்ப்ரேயர் வரை. நாசில் என்கிற அந்தச் சின்னத் துளை வழியாக மருந்து எப்படிச் சிதறுகிறது என்பதுதான் இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. மாமனார் வீடு ஈரோடு மாவட்டம் தாளவாடியில். 2 ஏக்கரில் கோஸ் போடுகிறவர். ஆக, ஒரு பக்கம் மருந்தடிக்கும் மெஷினை விற்கிறேன். இன்னொரு பக்கம் மாமனார் வீட்டு மருந்துக் கணக்கைப் பார்த்து மலைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தச் சரித்திரம்.

முதலில் செடியைப் பற்றி இரண்டு வார்த்தை. முட்டைக்கோஸ் நம்ம ஊர்ச் சரக்கு அல்ல; ஐரோப்பாக் கடற்கரைச் செடியின் வாரிசு. 1819-ல் நீலகிரிக்குப் போன கோவை கலெக்டர் ஜான் சல்லிவன்தான் அங்கே இங்கிலீஷ் காய்கறிகளைப் பயிர்செய்யத் தொடங்கியவர். 1845-ல் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள், நியாயமான விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்று ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற தாவரவியல் பூங்காவின் பிள்ளையார் சுழி அந்தத் தோட்டம்தான். ரோஜாவுக்கு முன்னால் அங்கே கோஸ் இருந்தது!

கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். கடுகைக் கடித்தால் மூக்கில் ஏறுகிறதே ஒரு காரம், அது இந்தக் குடும்பத்தின் சொத்து. பூச்சிகளை விரட்டுவதற்காகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. ஆனால் சில பூச்சிகள் அந்தக் காரத்துக்குப் பழகிவிட்டன. அதோடு நிற்காமல் அதையே விலாசமாகவும் வைத்துக்கொண்டன. 1910-ல் ஆம்ஸ்டர்டாமில் வெர்ஷாஃபெல்ட் என்ற தாவரவியல் அறிஞர் இதைச் சோதித்தே காட்டினார். கோஸ் புழு சாதாரணமாகத் தொடாத இலையில் இந்தக் குடும்பத்துச் சாற்றைத் தடவி வைத்தார். புழு அதையும் தின்றது. இந்தச் சோதனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வருஷம் கழித்து பெங்களூரில் இதற்கு வேலை வரப்போகிறது.

கல்யாணமான புதிதில் மாமனாரிடம் ஒரு நாள் கேட்டேன், "மாமா, இது என்ன புழு?" என்று. "பச்சைப் புழுன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே மாப்பிள்ளை! கடைக்காரரு ஒரே பாட்டில்தானுங்க குடுக்கறாரு" என்றார். பாதிப் பிரச்சினை அந்தப் பதிலிலேயே இருக்கிறது. நம் பக்கத்துக் கோஸ் தோட்டத்தில் முக்கியமாக நாலு புழு உண்டு. நாலுக்கும் குணம் வேறு, மருந்தும் வேறு.

நாலில் பெரிய வில்லன் உருவத்தில் சின்னது. வைரமுதுகு அந்துப்பூச்சி என்று வேளாண்மைத் துறையில் சொல்வார்கள். முழுதாக வளர்ந்தாலும் புழு ஒரு சென்டிமீட்டர்தான். இளம்பச்சை, இரண்டு முனையும் கூம்பி இருக்கும். விரலால் தொட்டால் துடிதுடித்து, ஒரு நூலை விட்டுக்கொண்டு இலையிலிருந்து கீழே தொங்கும். இந்த ஒரு சோதனை போதும், வேறெதுவும் வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன ஜன்னல் கண்ணாடி பதித்த மாதிரி தெரியும். அந்துப்பூச்சி இறக்கையை மடித்து உட்காரும்போது முதுகில் வெளிறிய வைரக் கட்டங்கள் வரிசையாகத் தெரிவதால் இந்தப் பெயர். வெயில் பிரதேசத்தில் முட்டை முதல் அந்துப்பூச்சி வரை ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று வாரத்தில் முடிந்துவிடும். வருஷத்துக்கு எத்தனை தலைமுறை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இந்தக் கணக்குக்குத் திரும்பி வருவேன்.

இரண்டாவது, இலையைப் பிணைக்கும் புழு. முட்டைகளை மீன் செதில் அடுக்கியது போல ஒரே இடத்தில் இடும். உடம்பில் நீளவாக்கில் கோடு ஓடும். கூட்டமாகச் சேர்ந்து இலைகளை நூலால் கட்டி உள்ளே உட்கார்ந்து தின்னும். பிரித்துப் பார்த்தால் எச்சமும் சிலந்திவலை மாதிரி நூலும். முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளிப் போட்டாலே பாதி ஒழியும். மூன்றாவது, குருத்தைத் துளைக்கும் புழு. நாற்று நட்ட சில நாளிலேயே நடுக்குருத்துக்குள் போய்விடும். குருத்து போன செடி ஒரே கோஸ் வைப்பதற்குப் பதிலாக நாலைந்து குட்டிக் கோஸ் வைக்கும். மார்க்கெட்டில் அதை யாரும் தொடமாட்டார்கள். நாலாவது, புரோடீனியா என்று நம் விவசாயிகள் சொல்லும் புகையிலைப் புழு. மயிர் போர்த்திய முட்டைக் குவியல், இரவில் வேட்டை, பெரிய பெரிய ஓட்டை. வடக்கே போனால் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் கறுப்பும் மஞ்சளுமான புழுவும் சேர்ந்துகொள்ளும்.

எதற்கு இவ்வளவு விவரம் என்றால், முதல் புழுவை நன்றாகக் கொல்லும் ஒரு மருந்து நாலாவது புழுவிடம் பெரும்பாலும் பலிக்காது. இனக்கவர்ச்சிப் பொறி வைத்தாலும் ஒரு பூச்சிக்கு வைத்த வாசனைக்கு இன்னொரு பூச்சி வராது. கடைக்காரர் "கோஸ் புழுவுக்கு" என்று ஒரே பாட்டிலை எடுத்து நீட்டும்போது இந்த நாலையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

இனி சரித்திரத்துக்கு வருவோம். 1602-ல் இத்தாலியில் போலோனா நகரத்து அறிஞர் அல்ட்ரோவாண்டி பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். கோஸ் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழு ஒன்று செத்துக் கிடப்பதையும், அதை ஒட்டி மஞ்சளாக அரிசி போலக் குவியல் இருப்பதையும் அதில் எழுதினார். எழுதிவிட்டு, அவை புழுவின் முட்டைகள் என்றார். நியாயமான ஊகம்தான், யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். அவை முட்டைகள் அல்ல, ஒரு குட்டிக் குளவியின் கூடுகள். அந்தக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கிறது, குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வந்து கூடு கட்டுகின்றன. இதைச் சரியாகப் புரிந்து எழுத இன்னொரு நூறு வருஷம் ஆயிற்று. எழுதியவர் இன்னொரு இத்தாலியர், வல்லிஸ்னியேரி.

அந்த ஞானம் வயலுக்கு வர மேலும் நூற்று எழுபது வருஷத்துக்கு மேல். வெள்ளைப் பட்டாம்பூச்சி 1860 வாக்கில் கனடாவின் க்யூபெக்கில் போய் இறங்கி, அங்கிருந்து அமெரிக்கக் கோஸ் தோட்டங்களைச் சூறையாடியது. பூச்சி மட்டும் கப்பல் ஏறிப் போய்விட்டது. அதன் எதிரி ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டது. 1883-ல் அமெரிக்க விவசாயத் துறையின் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி, இங்கிலாந்திலிருந்து அல்ட்ரோவாண்டி பார்த்த அதே குளவியை வரவழைத்து விட்டார். அது அங்கே நிலைத்துக்கொண்டது. ஒட்டுண்ணிக் குளவியைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோன முயற்சிகளில் இதுதான் ஆரம்பம்.

நம் வில்லனின் ஜாதகமும் கப்பலோடு சம்பந்தப்பட்டதே. பல நாடுகளிலிருந்து பிடித்த 532 பூச்சிகளின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளிவந்தது. அதன்படி வைரமுதுகின் பூர்வீகம் தென்னமெரிக்கா. ஐரோப்பியர் வியாபாரம் பரவப் பரவ இதுவும் பரவியது. இறக்கை முளைத்த பிறகு கப்பலும் தேவையில்லை. 1891-ல் இங்கிலாந்தின் கிழக்குக் கரை முழுக்க டர்னிப் வயல்களை இது அழித்தது. அந்தச் சேதத்தைக் கடிதம் கடிதமாகத் திரட்டி அறிக்கை எழுதியவர் எலினார் ஆர்மராட் என்ற அம்மையார். 1958-ல் காற்றோடு கடல் தாண்டி வந்த கூட்டத்தை வட அட்லாண்டிக்கில் நின்றிருந்த வானிலைக் கப்பலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தவர் ஃபிளெட்சர், 1914-ல். அதே 1914-ல் அமெரிக்காவில் மெலாண்டர் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். தெளிக்கிற மருந்துக்குப் பூச்சிகள் எதிர்ப்புச் சக்தி பெற முடியுமா என்பதுதான் அதன் தலைப்பிலேயே இருந்த கேள்வி. அவர் கேட்டது பழமரத்துச் செதில் பூச்சியை வைத்து. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்து மருந்துகள் என்றால் பாஷாணம்தான். பாரிஸ் பச்சை, ஈய ஆர்சனேட் என்று ஆர்சனிக் கலந்த பொடிகள். சாப்பிடுகிற இலையின் மேலேயே பாஷாணத்தைத் தூவுவதற்கு எல்லோருக்கும் மனசு உறுத்தியது. அதனால் 1939-ல் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லி சக்தியைக் கண்டுபிடித்ததும் உலகமே கையெடுத்துக் கும்பிட்டது. 1948-ல் நோபல் பரிசு. யுத்தம் முடிந்ததும் டி.டி.டி. தோட்டங்களுக்கு வந்தது. கோஸ் விவசாயிக்கு அது பொற்காலம்.

பொற்காலம் பத்து வருஷம்கூட ஓடவில்லை. இந்தோனேசியாவில் ஜாவா தீவு, பாண்டுங் பக்கத்தில் லெம்பாங் என்ற மலை ஊர். வருஷம் முழுவதும் கோஸ் விளைகிற இடம். அங்கே டி.டி.டி. அடித்தும் வைரமுதுகுப் புழு சாகவில்லை என்று ஆங்கர்ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1953-ல் எழுதினார். கொசுவும் வீட்டு ஈயும் அதற்கு முன்பே டி.டி.டி.யை ஏமாற்றத் தொடங்கியிருந்தன. பயிர்ப் பூச்சிகளில் முதல் பதிவு இதுதான் என்று நூல்கள் சொல்கின்றன. நம் நாட்டில் 1968-ல் பஞ்சாபில் டி.டி.டி., பாரத்தியான் இரண்டுக்குமே எதிர்ப்பு பதிவானது.

இதை இன்ஜினியர் பாஷையில் சொல்கிறேன், பூச்சியியல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். மருந்து ஒரு சல்லடை. புழு மருந்துக்குப் "பழகிப் போகிறது" என்று கடைகளில் சொல்வது சரியல்ல. ஆயிரம் புழுவில் ஒன்றிரண்டு பிறவியிலேயே தாங்கும். சல்லடையில் மற்றதெல்லாம் போய்விட, தாங்குகிறது மட்டும் மிஞ்சி முட்டை வைக்கும். மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை, மறுபடி அதே சல்லடை. முன்னே சொன்ன பெருக்கல் இங்கேதான் வேலை செய்கிறது. வருஷத்துக்கு ஒரு தலைமுறை வைக்கிற பூச்சிக்கு இருபது வருஷம் ஆகிற காரியத்தை இது ஒரே வருஷத்தில் முடித்துவிடும்.

சல்லடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. புழுவைத் தின்னும் குளவி எண்ணிக்கையில் குறைவு, மருந்துக்கு மென்மை, தலைமுறைக்குத் தாமதம். முதல் அடியில் சாவது குளவி. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் ஃபீட்பேக் பற்றிப் படித்திருப்பீர்கள். ஃபீட்பேக் கம்பியை வெட்டிவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. மருந்து அடிக்க அடிக்கப் புழு கூடியது, புழு கூடக் கூட மருந்து கூடியது. 1980களில் தைவானிலும் தாய்லாந்திலும் புதிதாக வந்த பைரித்ராய்டு மருந்துகளும் சீக்கிரமே இதே வழியில் போயின. ஒரே ஒரு அந்துப்பூச்சிக்காக 1985-ல் தைவானில் உள்ள ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையத்தில் சர்வதேசக் கூட்டம் கூட்டினார்கள். அந்த வரிசையில் ஏழாவது கூட்டம் 2015-ல் பெங்களூரில் நடந்தது. ஒரு சென்டிமீட்டர் புழுவுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

இதற்கு எதிர்ப் பக்கமாக ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. டி.டி.டி. வருவதற்கு முன்பே, 1936-ல், நியூசிலாந்துக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து டயடெக்மா என்ற குளவியை வரவழைத்தார்கள். இது வைரமுதுகுக்கென்றே பிறந்த குளவி. அங்கே நன்றாக வேலை செய்தது. நியூசிலாந்திலிருந்து 1950-ல் அதே ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆக, லெம்பாங்கில் டி.டி.டி. தோற்றதாக எழுதப்பட்ட காலத்தில், தோற்காத ஒரு ஆள் ஏற்கெனவே அந்தத் தீவில் வந்து இறங்கியிருந்தது. வாரா வாரம் மருந்தடிக்கும் தோட்டத்தில் அதற்கு வாழ வழியில்லை, அவ்வளவுதான்.

மலேசியாவில் கேமரன் மலையில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை அது, கோஸும் ஏராளம். 1975 முதல் 1977 வரை அங்கே டயடெக்மாவைக் கொண்டுவந்து விட்டார்கள். பலன் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. திட்டம் தோல்வி என்றே யாரும் நினைத்திருப்பார்கள். 1980களின் கடைசியில் ரசாயன மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோது, வேறு வழியில்லாமல் விவசாயிகள் பி.டி. என்கிற பாக்டீரியா மருந்துக்கு மாறினார்கள். பி.டி. புழுவைக் கொல்லும், குளவியைத் தொடாது. பத்து வருஷமாக மூலையில் முடங்கிக் கிடந்த குளவி தலைதூக்கிவிட்டது, புழு அடங்கியது. குளவியை அப்போது யாரும் புதிதாகக் கொண்டுவரவில்லை. அதைக் கொல்வதை நிறுத்தினார்கள். 2002-ல் கென்யாவின் தைத்தா மலைப் பகுதியில் இதே குளவியை விட்டபோதும் நல்ல பலன் கிடைத்தது.

இந்த பி.டி.யின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பட்டுப்புழுவில் தொடங்குகிறது. 1901-ல் ஜப்பானில் இஷிவாதா என்பவர், திடீரென்று சுருண்டு செத்துப்போகும் பட்டுப்புழுக்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அவருக்கு அது பட்டுத் தொழிலின் எதிரி. 1911-ல் ஜெர்மனியின் துரிஞ்சியா மாநிலத்தில் மாவு அந்துப்பூச்சியில் அதையே கண்ட பெர்லினர், ஊர்ப் பெயரையே வைத்து பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயர் சூட்டினார். ஒருவருக்கு நோயாகத் தெரிந்தது அடுத்தவர்களுக்கு மருந்தாகத் தெரிந்தது. 1938-ல் பிரான்சில் விற்பனைக்கே வந்துவிட்டது. அதிலுள்ள புரதப் படிகம் புழுவின் காரத்தன்மை உள்ள குடலில் கரைந்து குடல் சுவரை ஓட்டை போடுகிறது. நம் வயிறு அமிலம். அதனால் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. அடித்த சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலையில் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, "மருந்து வேலை செய்யலை" என்று வேறு பாட்டிலைத் தேடி ஓடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வெயிலில் சீக்கிரம் கெடும். சாயங்காலம் அடிக்க வேண்டும். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் மிகுந்த கவனம் வேண்டும். இஷிவாதா பார்த்தது இன்றைக்கும் உண்மை, பட்டுப்புழு இதில் செத்துப்போகும்.

பி.டி. கடைசிப் பதில் என்று நினைத்தவர்களுக்கும் இந்தப் புழு பாடம் நடத்தியது. ஹவாய்த் தீவில் பி.டி.யை மட்டுமே திரும்பத் திரும்ப அடித்த தோட்டங்களில் எதிர்ப்பு வந்துவிட்டதை தபாஷ்னிக்கும் சகாக்களும் 1990-ல் வெளியிட்டார்கள். திறந்த வயலில் பி.டி.யை வென்ற முதல் பூச்சியும் இதுவே! அதன்பின் ஸ்பினோசாட் வந்தது, கரீபியன் தீவு ஒன்றில் கைவிடப்பட்ட ரம் ஆலையின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து. 1997-ல் விற்பனை, இரண்டு மூன்று வருஷத்தில் ஹவாயில் எதிர்ப்பு. அடுத்த தலைமுறை டயமைடு மருந்துகளுக்கும் தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் சில வருஷங்களில் அதே கதி. இன்று இந்தப் பூச்சி உலகில் எங்காவது ஓரிடத்தில் எதிர்ப்புப் பெற்ற மருந்துகளின் எண்ணிக்கை 90-ஐத் தாண்டிவிட்டது.

மருந்தடிக்கும் மெஷின் செய்கிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோஸ் இலையில் மெழுகு பூசியிருக்கிறது. தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டுத் திரவம் சேர்க்காமல் அடித்தால் மருந்தும் அப்படியே உருண்டு மண்ணுக்குப் போகும். அதோடு புழு இருப்பது இலையின் அடியில். நாம் அடிப்பது மேலிருந்து. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் கலந்து அடித்தாலும் அடிப்பக்கத்தில் படுவது சொற்பம். செடி சின்னதாக இருக்கும்போது நாசிலைத் தாழ்த்தி, வாய் மேலே பார்க்கும்படி திருப்பிப் பிடித்தால் படும். கோஸ் உருண்டு மூடிக்கொண்ட பிறகு எந்த நாசிலாலும் ஆகாது. எங்கள் கம்பெனி நாசில் உட்பட. அரைகுறையாகப் படும் மருந்து புழுவைக் கொல்லாது, சல்லடை வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்துவிடும்.

இப்போது பெங்களூர். அங்குள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் சீனிவாசன், கிருஷ்ணமூர்த்தி இருவரும் 1991-ல் வெளியிட்ட யோசனை, வெர்ஷாஃபெல்ட் காட்டிய விலாசத்தையே தூண்டிலாக மாற்றியது. வைரமுதுகுக்குக் கோஸைவிடக் கடுகுமேல் பிரியம் அதிகம். 25 வரிசை கோஸுக்கு ஓரத்தில் இரண்டு வரிசை கடுகு. ஒன்றைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்னால் விதைக்க வேண்டும். அது முற்றிப் போகும்போது கைகொடுக்க, நட்ட 25-ம் நாள் இன்னொன்று. அந்துப்பூச்சி போய்க் கடுகில் முட்டை வைக்கும். மருந்தடிப்பதும் கடுகில் மட்டும். இலையைப் பிணைக்கும் புழுவும் கடுகைத் தேடிப் போகும். கோஸுக்கு மிஞ்சிப் போனால் வேப்பங்கொட்டைக் கரைசல். மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாளில் கடுகுக்கு அடிக்கச் சொன்ன டைகுளோர்வாஸ், 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

மாமனார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கோஸ் நடற எடத்துல கடுகைப் போட்டுட்டு, சட்டியில தாளிக்கறதுங்களா மாப்பிள்ளை?" என்றார். கோஸ் விலை கிலோ இரண்டு மூன்று ரூபாய்க்கு இறங்கி, அறுக்கிற கூலிக்கே கட்டாமல் ஆடு மாடுகளை விட்டு மேய்க்கும் வருஷங்களைப் பார்த்தவர். ஒரு வரிசை இடம் அவருக்கு லேசான விஷயமல்ல. அவரைச் சம்மதிக்க வைத்தது என் பேச்சல்ல, மருந்துக்கடைப் பாக்கி. ஒரு போகம் அரை ஏக்கரில் செய்து பார்த்தார். வாரம் ஒரு தடவை அடித்தது அந்த அரை ஏக்கரில் மொத்தமே நாலு தடவையாகக் குறைந்தது. விளைச்சல் மற்ற இடத்தைவிட அதிகமில்லை, குறைவுமில்லை. செலவுதான் குறைந்தது.

அந்தப் போகத்தில்தான் இலையின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு விதை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததைக் களையெடுக்கிற அம்மாக்கள் காட்டினார்கள். "புழு முட்டைங்க, நசுக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள். 1602-ல் அல்ட்ரோவாண்டி சொன்னதையே 420 வருஷம் கழித்துத் தாளவாடியில் கேட்டேன்! அவை கொட்டீசியா என்ற குளவியின் கூடுகள். டயடெக்மாவுக்குக் குளிர் வேண்டும், அது ஊட்டி மாதிரி உயரமான மலைக்குத்தான் ஏற்றது. கொட்டீசியா வெப்பம் தாங்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மலைக்கு டயடெக்மா, சமவெளிக்குக் கொட்டீசியா என்றே சிபாரிசு செய்கிறது. அந்த வயலில் யாரும் வாங்கி விடவில்லை, தானாகவே வந்திருந்தது. அடையாளம் சுலபம். உள்ளே பச்சையாகப் புழுக்கூடு தெரியும்படி வலைப்பின்னலாக இருந்தால் அது வைரமுதுகின் கூடு, நசுக்கலாம். உள்ளே ஒன்றும் தெரியாமல் அழுத்தமாக, வெள்ளைவெளேரென்று 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு இருந்தால் குளவி, விட்டுவிடவேண்டும். மலைப்பக்கம் வலைக்கூட்டுக்கு உள்ளேயே பழுப்பு நிறத்தில் ஒரு குப்பி மாதிரி இருந்தால் அது டயடெக்மா, அதையும் விட்டுவிடவேண்டும். இப்போது களையெடுக்கும்போது இரண்டையும் அவர்களே பிரித்துச் சொல்கிறார்கள். வெள்ளைக்கூடு இருக்கிற இலையைக் கிள்ளுவதில்லை.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு விஷயம். மூடிய கோஸ் செடியின் இலைக்கு அடியில் மருந்து சேர்க்கும் ஒரு மலிவான நாசில் அமைப்பு இன்றுவரை எங்களிடம் இல்லை. காற்றுத் துணையோடு இலையைப் புரட்டி அடிக்கும் பெரிய மெஷின்கள் 2 ஏக்கர்க்காரருக்குக் கட்டுப்படியாகாது. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் யாராவது இருந்தால் மலர்க் குழு மூலம் தகவல் சொல்லுங்கள். சோதனைக்கு வயல் தயார், மாமனாரிடம் பேசிவிட்டேன். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காருங்கள்.